கோவாலு ஏன் கட்டத்துக்கு கட்டம் வேற ஆளா தெரியறான்: கார்ட்டூன் கேரக்டர் மாறிப்போனா எங்கெங்க பாக்கணும்

நான் அஞ்சு வருஷமா கோவாலுன்னு ஒரு பஸ் கண்டக்டர வரைஞ்சுட்டு இருக்கேன். வாரத்துக்கு ஒரு ஸ்ட்ரிப், நாலு கட்டம், ஒரு ஜோக்கு. முட்டைத் தலை, மேல மூணே முடி, காதுல சொருகின பென்சில், தோள்ல தோல் பை, வாயில விசில், பஸ்ஸு எப்பவும் 29சி. அவ்ளோதான் ஆளு. இதுல என்னப்பா கஷ்டம்னு கேப்பீங்க, அதான் கஷ்டமே, மொத்தம் பதினஞ்சு கோடுதான் இருக்கு, அதுல ஒண்ணு தள்ளிப்போனாலும் ஆளே மாறிடுறான். கீழ் வீட்டு பாட்டி ஒரு நாள் ஸ்ட்ரிப்ப பாத்துட்டு, "மூணாவது கட்டத்துல வர்றது யாருப்பா, கோவாலு தம்பியா?"ன்னு கேட்டாங்க. எனக்கு சோறே எறங்கல.

அதுக்கப்புறம் சனிக்கிழம சாயங்காலம் அம்பத்தூர்ல மொட்டை மாடியில பசங்களுக்கு வரைய சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன், வர்ற பசங்கள்ல முக்கால்வாசி பேருக்கு இதே புகார்தான், "அண்ணா, முதல் தடவ சூப்பரா வந்துச்சு, ரெண்டாவது தடவ வரல". திரும்ப திரும்ப ஒரே ரிப்பேர பண்ணிப் பண்ணி ஒரு வரிசை கையில வந்துடுச்சு. அதத்தான் இங்க எழுதறேன். மொத்தத்தையும் படிக்கணும்னு இல்ல, உங்க பிரச்சினை எதுவோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணம் மொதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி

ரப்பர கீழ வைங்க. அந்த கேரக்டர நீங்க வரைஞ்சதுல மூணு படத்த எடுத்து பக்கத்துல பக்கத்துல வைங்க: நல்லா வந்த ஒண்ணு, கெட்டுப்போன ஒண்ணு, நடுவுல ஏதோ ஒண்ணு. இப்ப கண்ண பாதி மூடிட்டு பாருங்க. மூணும் ஒரே ஆளோட நிழல் மாதிரி தெரிஞ்சா பிரச்சினை மூஞ்சிக்குள்ள இருக்கு, கண்ணு மூக்கு எடம். நிழலே வேற வேறயா இருந்தா பிரச்சினை அளவுல இருக்கு, மூஞ்சிய நோண்டி பிரயோஜனம் இல்ல.

அடுத்து படத்த கண்ணாடியில காட்டி பாருங்க, இல்ல பேப்பர திருப்பி வெளிச்சத்துல புடிச்சு பின்பக்கமா பாருங்க. கம்ப்யூட்டர்ல க்ரிட்டான்னு வரையற சாஃப்ட்வேர் வெச்சிருந்தா எம் கீய தட்டினா போதும், மொத்த கேன்வாஸும் எடம் வலம் மாறி தெரியும். ஒரு பக்கமா சாஞ்சிருக்கறது, ஒரு கண்ணு எறங்கியிருக்கறது எல்லாம் அப்பதான் பளிச்சுனு தெரியும், நேரா பாக்கும்போது நம்ம கண்ணு நமக்கே வக்காலத்து வாங்கும்.

அறிகுறி 1: மூஞ்சி ஒவ்வொரு தடவையும் வேற ஆளா வருது

அதிகமா வர்ற கேஸ் இதான்.

*கண்ணுல இருந்து ஆரம்பிக்கறீங்களா?* பத்துல எட்டு பேரு ஆமாம்பாங்க. கண்ண அழகா போட்டுட்டு அதச் சுத்தி தலைய வரைஞ்சா, தலை கண்ணுக்கு ஏத்த மாதிரி தினம் ஒரு சைஸ்ல வரும். தலை வடிவத்த மொதல்ல போடுங்க, லேசா, அப்புறம் நடுவுல ஒரு நெட்டு கோடு, கண்ணுக்கு ஒரு படுக்கை கோடு. கண்ணு அதுக்கப்புறம். சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க, அடுத்த வாரம் வந்து பாத்தா திரும்ப கண்ணுலதான் ஆரம்பிச்சிருப்பாங்க.

*படுக்கை கோடு எங்க இருக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?* "நடுவுல"ன்னு சொல்லாதீங்க. கோவாலுக்கு கண் கோடு தலை உச்சியில இருந்து கரெக்டா அஞ்சுல மூணு பங்கு கீழ. தலை உயரம் 25 மில்லிமீட்டர்னா கண்ணு 15ல இருக்கணும். பாட்டி கேட்ட அந்த மூணாவது கட்டத்த அப்புறம் ஸ்கேல் வெச்சு அளந்தேன், 18ல இருந்துச்சு. மூணே மில்லிமீட்டர், ஒரு அரிசி அகலம் கொஞ்சம் கூட, அதுக்கே தம்பி வந்துட்டான். பொதுவா கண்ணு கீழ எறங்கி நெத்தி பெருசானா ஆளு சின்னப் பையனா தெரிவான், கண்ணு மேல ஏறி தாடை நீண்டா வயசு கூடும். கேரக்டர் திடீர்னு வயசாயிட்ட மாதிரியோ கொழந்த ஆயிட்ட மாதிரியோ தெரிஞ்சா வேற எதையும் பாக்காதீங்க, கண் கோட்ட மட்டும் அளங்க.

*ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்ளோ எடம்?* அடுத்த சந்தேகம் இதுமேலதான். நடுவுல இன்னொரு கண்ணு வைக்கலாமா, ஒண்ணரை வைக்கலாமா, ரெண்டும் ஒட்டியே இருக்குமா? எது வேணாலும் வெச்சுக்கங்க, ஆனா ஒண்ணுதான்.

*இதெல்லாம் சரியா இருந்தும் மாறுதா?* அப்ப டிசைன்லயே புடிமானம் இல்ல. வட்டத் தலை, புள்ளி கண்ணு, ஒரு கோடு வாய்னு மட்டும் இருந்தா அது யாரா வேணா இருக்கலாம், அந்த ஆளுக்குன்னு ஒண்ணு வேணும். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணோட காமன் மேன எடுத்துக்கங்க, 1951ல இருந்து வந்த ஆளு, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, ஒரு கூட்டத்துக்கு மூலையில கட்டை விரல் சைஸ்ல நின்னாலும் அவருதான்னு தெரியும். உங்க ஆளுக்கு அந்த மாதிரி ரெண்டு விஷயம் இல்லன்னா மூஞ்சிய எவ்ளோ அளந்தாலும் ஆவாது, டிசைனுக்கே திரும்பப் போகணும். செலவு வைக்கிற ரிப்பேர் இது, இதுவரைக்கும் வரைஞ்ச பக்கமெல்லாம் பழசாயிடும், அதனாலதான் கடைசியா சொல்றேன்.

அறிகுறி 2: நேத்திக்கும் இன்னைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு, ஆனா போன வருஷத்தோட வெச்சு பாத்தா வேற ஆளு

இது சத்தமே போடாம வர்ற நோய். இதுக்கு பத்து காரணம் எல்லாம் கிடையாது, ஒண்ணே ஒண்ணுதான்: நேத்து வரைஞ்சத பாத்து இன்னைக்கு வரையறீங்க.

நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் பண்ணேன். போன வார ஸ்ட்ரிப்ப எதிர்ல வெச்சுக்குவேன், அத பாத்து இந்த வாரம். போன வாரம் மூக்கு ஒரு நூல் பெருசா விழுந்திருந்தா இந்த வாரம் அதான் மூக்கு, அதுக்கு மேல இந்த வாரம் ஒரு நூல். ஜெராக்ஸ ஜெராக்ஸ் எடுத்து, அத திரும்ப ஜெராக்ஸ் எடுத்தா கடைசில எழுத்து எப்படி பொத பொதன்னு வருமோ அதே கததான். ஒரு நாள் தூசி தட்டி முதல் ஸ்ட்ரிப்ப எடுத்து அந்த வாரத்து ஸ்ட்ரிப்போட வெச்சேன். மூக்கு ஒண்ணரை மடங்கு ஆயிருந்துச்சு. மூணு முடியும் நேரா நின்னுட்டு இருந்தது எல்லாம் ஒரு பக்கமா காத்துல சாஞ்ச தென்னை மரமா ஆயிடுச்சு. இருந்த கொஞ்சூண்டு கழுத்தும் காணும். எதையும் நான் மாத்தணும்னு மாத்தல, அதுதான் கடுப்பு.

ரிப்பேர்: ஒரு மாஸ்டர் ஷீட் போடுங்க, ஒரே ஒரு பேப்பர். அதுல முன்பக்கம், முக்கால்வாசி திரும்பினது, பக்கவாட்டு, பின்பக்கம்னு நாலு படம், பக்கத்துல அளவு, கூடவே "முடி மூணு, நாலு இல்ல", "பென்சில் வலது காது" மாதிரி குறிப்பு. பக்கத்துல இருக்கற ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணி மேசைக்கு நேரா மாட்டிடுங்க. டிஜிட்டல்னா தனி ஃபைலு, லேயர லாக் பண்ணி வைங்க, ஏன்னா "சும்மா ஒரு சின்ன கரெக்ஷன்"னு அதுல கை வைக்காத ஆளே கிடையாது. எப்ப வரைஞ்சாலும் இந்த ஷீட்ட பாத்துதான். போன வார பக்கத்த கவுத்து வைங்க, கண்ணுல படவே கூடாது.

*மாறின மூஞ்சிதான் நல்லா இருக்குன்னு தோணுதா?* அப்படியும் நடக்கும், தப்பே இல்ல. எனக்கு அந்த பெரிய மூக்கு புடிச்சுப்போச்சு. அப்படின்னா அத மாஸ்டர் ஷீட்ல ஏத்துங்க, பழைய ஷீட்ட தூக்கிப் போடாம தேதி எழுதி உள்ள வைங்க, புது ஷீட்லயும் தேதி போடுங்க. நீங்களா மாத்தினா வளர்ச்சி, தானா மாறினா சீக்கு.

செக் பண்றது எப்படின்னா மாசம் ஒரு தடவ புதுசா வரைஞ்ச ஒண்ண ட்ரேசிங் பேப்பர்ல எடுத்து ஷீட் மேல வெச்சு பாருங்க. ட்ரேசிங் பேப்பர் இல்லன்னா காலைல ஜன்னல் கண்ணாடியில ரெண்டு பேப்பரையும் ஒட்டிப் பாருங்க, நம்ம ஊரு வெயிலுக்கு லைட் பாக்ஸே தேவையில்ல. கோடு கோட்டுமேல உக்காரணும்னு இல்ல, கண்ணு மூக்கு தாடை இந்த மூணும் உக்காந்தா போதும்.

அறிகுறி 3: மூஞ்சி ஓகே, ஆனா ஒரு கட்டத்துல குள்ளம், ஒரு கட்டத்துல நெட்டை

*கட்டம் பத்தலன்னு கால சுருக்கிட்டீங்களா?* தலைய பெருசா போட்டுட்டு கீழ போகப் போக எடம் இல்லாம கால் குட்டையாகும். எல்லாரும் பண்றதுதான். தலை போடறதுக்கு முன்னாடி பாதம் எங்க வருதுன்னு ஒரு புள்ளி வைங்க, பாதி பிரச்சினை அங்கயே ஓவர்.

*எத்தன தலை உயரம்னு தெரியுமா?* கோவாலு மூணரை தலை. தலை ஒண்ணு, உடம்பு ஒண்ணரை, காலு ஒண்ணு. ஒரு பேப்பர் துண்ட கிழிச்சு அதுல இன்னைக்கு போட்ட தலையோட உயரத்த ரெண்டு கோடா குறிச்சுக்கங்க, அத அப்படியே கீழ கீழ எறக்கி அளந்துட்டே போங்க. தலை 24 மில்லிமீட்டர்னா ஆளு 84. ஸ்கேல விட இந்த பேப்பர் துண்டு வசதி, கணக்கே போட வேணாம், கட்டம் சின்னதானாலும் பெருசானாலும் விகிதம் மாறாது.

*ரெண்டு பேரு சேர்ந்து நிக்கும்போது மட்டும் தப்பா வருதா?* அப்ப காரணம் வேற. என் ஸ்ட்ரிப்ல பேபிம்மான்னு ஒரு பூக்காரம்மா வருவாங்க, அவங்கள அவங்க தலையாலயே அளந்தா மூணு தலை. கோவாலு மூணரை. அப்ப பேபிம்மா கோவாலு கண்ணு பக்கம் வரணும்ல? வர மாட்டாங்க, ஏன்னா அவங்க தலை கொண்டையோட சேத்து கோவாலு தலைய விட பெருசு. ஆளாளுக்கு அவங்கவங்க தலையால அளந்தா இப்படித்தான் ஆகும். எல்லாரையும் ஒரே ஆளோட தலையால அளந்து, வரிசையா ஸ்கூல் க்ரூப் போட்டோ மாதிரி நிக்க வெச்சு ஒரு ஷீட் போடுங்க. என் ஷீட்ல கோவாலு நெத்தி எந்த உயரமோ பேபிம்மா கொண்டை அந்த உயரம், டிக்கெட்டுன்னு ஒரு பூனை வரும், அது உக்காந்தா கோவாலு முட்டி. இப்படி உடம்புல ஒரு எடத்த வெச்சு ஞாபகம் வெச்சுக்கிட்டா நம்பரே தேவையில்ல.

*உக்காந்தா, குனிஞ்சா மாறுதா?* நின்ன படத்துல இருக்கற தொடை நீளம்தான் உக்காந்தாலும். அதே பேப்பர் துண்டு. வேற வழி கிடையாது.

அறிகுறி 4: நேரா பாத்தா அவன்தான், தலைய திருப்பினா வேற எவனோ

இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கணும்.

மொதல்ல காசில்லாத சோதனை. ஒரு சாத்துக்குடி எடுங்க. மார்க்கர்ல அதுமேல கேரக்டர் மூஞ்சிய வரைங்க, நடு கோட்டையும் கண் கோட்டையும் சேத்தே போடுங்க, கண் கோடு சுத்தி வந்து பின்னாடி வரைக்கும் ஒரு வளையமா போகணும். இப்ப பழத்த மெதுவா திருப்புங்க. நடு கோடு நேரா இல்லாம வளைஞ்சு நகருது பாருங்க, தூரத்து கண்ணு ஒடுங்குது, கிட்ட இருக்கற கண்ணு அப்படியே இருக்கு, மூக்கு தூரத்து கன்னத்துப் பக்கம் சாயுது. கீழ குனிய வெச்சா கண் கோடு கீழ தொங்குற மாலை மாதிரி ஆயிடும், மேல தூக்கினா வானவில் மாதிரி. பசங்க இத பாத்துட்டு சொல்ற முதல் வார்த்த "அட, நான் ரெண்டு கண்ணையும் ஒரே சைஸ்ல இல்ல போட்டுட்டு இருந்தேன்" தான். அப்புறம் பழத்த உரிச்சு தின்னுடறாங்க, அதனால ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போவேன்.

*நடு கோட்ட வளைச்சும் வரலயா?* மூக்க பாருங்க. முன்பக்கம் பாக்கும்போது மூக்கு ஒரு சின்ன வட்டம், சரி, பக்கவாட்டுல அது எவ்ளோ நீட்டிட்டு நிக்குது? அத நீங்க முடிவே பண்ணாம விட்டிருப்பீங்க. முடிவு பண்ணாத எடத்துல எல்லாம் கை தினம் ஒரு முடிவு எடுக்கும். மூக்கு நீளம், பின்மண்டை எவ்ளோ வெளிய வருது, காது நடுவுலயா பின்னாடியா, இந்த மூணையும் பக்கவாட்டு படத்துல முடிவு பண்ணிட்டு, முன்பக்க படத்துக்கும் பக்கவாட்டு படத்துக்கும் உச்சி, கண்ணு, மூக்கு நுனி, தாடைன்னு நாலு எடத்துல ஸ்கேல் வெச்சு நேரா கோடு இழுங்க. கோடு ரெண்டு படத்துலயும் ஒரே எடத்த தொடலன்னா ஷீட்டே தப்பு, அத சரி பண்ணாம ஸ்ட்ரிப்ப தொடாதீங்க.

*எல்லாம் கணக்குப்படி சரி, ஆனாலும் அசிங்கமா இருக்கா?* அப்ப கணக்க விடுங்க, ஏமாத்துங்க. மிக்கி மவுஸ் காத பாருங்க, மூஞ்சி எந்தப் பக்கம் திரும்பினாலும் காது ரெண்டும் முழு வட்டமாதான் போடுவாங்க, நெஜத்துல அப்படி ஒரு காது இருக்கவே முடியாது. ஆனா அதான் மிக்கி. எனக்கு கோவாலோட மூணு முடி அப்படி, அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் மூணும் தனித்தனியா தெரியற மாதிரிதான் போடுவேன். இந்த மாதிரி ஏமாத்து வேலை ஒரு கேரக்டருக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. அதையும் ஷீட்ல எழுதி வைங்க, ஒரு நாள் ஏமாத்தி ஒரு நாள் நேர்மையா இருந்தா மாட்டிக்குவீங்க.

*அப்படியும் ஒரு கோணம் மட்டும் வரவே மாட்டேங்குதா?* அந்த கோணத்த வரையாதீங்க. சீரியஸாத்தான் சொல்றேன். கோவாலு கீழ இருந்து அண்ணாந்து பாக்கற கோணத்துல வந்ததே கிடையாது, அஞ்சு வருஷத்துல ஒருத்தரும் கேக்கல.

அறிகுறி 5: சிரிச்சா, அழுதா, கத்தினா ஆள் மாறிடறான்

வாய பெருசா தொறந்தா தாடை கீழ எறங்கணும், இல்ல வாய் மேல ஏறி மூக்க முட்டும். உங்க கேரக்டர் ரப்பர் மாதிரி நீளுற ஆளா, இல்ல தலை வடிவம் மாறாத ஆளான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. கோவாலு ரெண்டாவது ரகம், தலை முட்டை அப்படியே இருக்கும், உள்ள இருக்கற சாமானம்தான் நகரும். நடுவுல ஒரு நாள் ஆசைப்பட்டு தாடைய நீட்டினேன், ஜோக்க யாரும் பாக்கல, எல்லாரும் "கோவாலுக்கு பல் வலியா"ன்னு கேட்டாங்க.

அடுத்தது புருவம். புருவம் இல்லாத கேரக்டருக்கு கோவம் வந்தா மட்டும் திடீர்னு புருவம் மொளைக்கும், பாத்திருப்பீங்க. இருக்கலாம், ஆனா அதுவும் விதியா இருக்கணும். கோவம், சிரிப்பு, பயம், சோகம், அசடு வழியறது, தூக்கம்னு ஆறு மூஞ்சிய ஷீட்டோட பின்பக்கம் வரைஞ்சு வைங்க, மத்ததெல்லாம் இதுல ரெண்ட கலந்தா வந்துடும்.

அறிகுறி 6: பை எடம் மாறுது, பட்டன் எண்ணிக்கை மாறுது, விரல் நாலா அஞ்சா

கோவாலு பை இடது தோள்ல மாட்டி வலது இடுப்புல தொங்கும். ஒரு தடவ அவசரத்துல அவன் இடது பக்கம் பாக்கற படம் வேணும்னு பழைய படத்த எடுத்து திருப்பிப் போட்டேன். பை பக்கம் மாறிடுச்சு, பென்சில் இடது காதுக்கு போயிடுச்சு, பின்னாடி பஸ் போர்டுல 29சி கண்ணாடியில பாக்கற எழுத்தா நிக்குது. நான் கவனிக்கல, எட்டாம் கிளாஸ் பையன் ஒருத்தன் கவனிச்சான்.

அதனால மொத கேள்வி, படத்த திருப்பிப் போட்டீங்களா? போட்டா ஒரு பக்கமா இருக்கற சாமான் எல்லாத்தையும் கையால மாத்தணும், எழுத்த கட்டாயம். அடுத்த கேள்வி, "இடது"ன்னா யாரோட இடது? ஷீட்ல "கோவாலோட வலது காது"ன்னு எழுதுங்க, வெறும் வலதுன்னு எழுதினா ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே குழப்பம். அதுக்கும் மேல மறக்குதுன்னா சாமான் ஜாஸ்தி. கோடு போட்ட சட்டை, கட்டம் போட்ட சட்டை, பூப்போட்ட பொடவை இதெல்லாம் மொத நாள் வரைய ஜாலியா இருக்கும், இருபதாவது நாள் அழுகை வரும். எண்ண முடியாத எதையும் டிசைன்ல வைக்காதீங்க. பேபிம்மா பொடவையில பூ இருந்துச்சு, இப்ப வெறும் பார்டர்தான். விரலும் அப்படித்தான், நாலு விரல் வெச்சு எத்தனையோ கார்ட்டூன் ஓடுது, நாலுன்னா எப்பவும் நாலு.

அறிகுறி 7: வடிவம் எல்லாம் சரி, ஆனா கோடும் கலரும் வேற யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு

*பேப்பர்ல வரையறவங்க:* பேனா நுனிய பாருங்க, தேஞ்சு போயிருக்கும். புது பேனாவுல ஒரு கோடு, இதுல ஒரு கோடு, பக்கத்துல பக்கத்துல போட்டா தெரிஞ்சிடும். நவம்பர் மழையில மட்டும் கோடு தடிச்சு மை பரவுதுன்னா பேனாவ திட்டாதீங்க, பேப்பர் ஈரம் குடிச்சிருக்கு. பேப்பர் கட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வைங்க, ஜெராக்ஸ் பேப்பர விட்டுட்டு கொஞ்சம் கெட்டியான பேப்பருக்கு மாறுங்க.

*டிஜிட்டல்ல வரையறவங்க:* கேன்வாஸ் சைஸ் மாறிச்சா? 1080 பிக்சல் அகலத்துல 6 பிக்சல் பிரஷ்ல வரைஞ்சு பழகிட்டு, பிரிண்ட்டுக்குன்னு ஏ4 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), அதாவது 2480 பிக்சல் அகலத்துல, அதே 6 பிக்சல வெச்சா கோடு மயிரிழையாத்தான் தெரியும். அங்க 14 வைக்கணும். அப்புறம் படத்த பாதி சைஸா சுருக்கினா கோடும் பாதியாயிடும், பின்னாடி நிக்கற ஆளுன்னு சுருக்கி வெச்சா அவன் மட்டும் வேற ஸ்ட்ரிப்ல இருந்து வந்தவன் மாதிரி இருப்பான். சுருக்கின அப்புறம் மேல புது லேயர்ல கோட்ட மறுபடி போடுங்க.

கோட்ட நேராக்கற ஸ்டெபிலைசர் நம்பரையும் பாருங்க, அது கூடிப்போனா கூர்மையா இருக்க வேண்டிய முடியெல்லாம் வழவழன்னு உருண்டு வரும். கோடு நெளிநெளியா நடுங்குதுன்னா ஸ்கேல் வெச்சு மெதுவா ஒரு சாய்வு கோடு இழுத்து பாருங்க. அதுலயும் நெளிஞ்சா உங்க கை மேல தப்பில்ல, பென் டேப்லெட்ட பாருங்க. சார்ஜர கழட்டிட்டு இழுங்க, சில மட்டமான சார்ஜர் மாட்டியிருந்தாலே இப்படி ஆகும். அப்புறம் நிப்ப மாத்துங்க, டிரைவர திரும்ப போடுங்க, வேற கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாருங்க. அங்கயும் நெளிஞ்சா வாரன்டி இருந்தா சர்வீஸ் சென்டர், இல்லன்னா சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு தூக்கிட்டு போங்க, நீங்களா தொறக்காதீங்க.

*கலர்:* கண்ணளவுல கலர் எடுக்கவே எடுக்காதீங்க. கோவாலு சட்டை சிவப்பு 190, பச்சை 160, நீலம் 105, இது ஷீட்ல எழுதியிருக்கு. ராத்திரி வரையும்போது மட்டும் கலர் மாறுதுன்னா ஸ்க்ரீன்ல நைட் லைட் ஆன்ல இருக்கும், எல்லாம் மஞ்சளா தெரியறதால நீங்க அறியாமலே நீலத்த கூட்டியிருப்பீங்க. ஸ்க்ரீன்ல சரியா இருந்து அச்சுல மட்டும் நீலமும் பச்சையும் செத்துப்போச்சுன்னா அது அச்சு மைக்கு வராத கலரு, மாத்தி மாத்தி சேவ் பண்ணி ஒண்ணும் ஆவாது. பிரஸ்காரர்கிட்ட ஒரு பக்கம் மட்டும் டெஸ்ட் பிரிண்ட் எடுத்து அவரையே கேளுங்க, ஆயிரம் காப்பி போனதுக்கப்புறம் இல்ல.

அறிகுறி 8: பேப்பர்ல நல்லாதான் இருக்கு, போன்ல ஏத்தினா மூஞ்சி கோணுது

வரைஞ்சதுல தப்பு இல்ல, போட்டோவுல தப்பு. போன கிட்ட கொண்டுபோய் எடுத்தா ஓரத்துல இருக்கறது இழுபடும், சாச்சு எடுத்தா தலை பெருசு கால் சிறுசு. பேப்பர சுவத்துல ஒட்டி, தள்ளி நின்னு, ரெண்டு மடங்கு ஜூம்ல எடுத்து வெட்டிக்கங்க. செக் பண்ண பேப்பர் மூலையில ஒரு சதுரம் போட்டு வைங்க, போட்டோவுல அது சதுரமா வரலன்னா திரும்ப எடுங்க. அச்சுக்குன்னா இதெல்லாம் வேணாம், ஸ்கேனர்ல 600 டிபிஐ வெச்சு எடுத்துடுங்க.

எப்ப வேற ஆள கூப்பிடணும்

ஷீட்ட மூணு தடவ திருத்தி எழுதியும், ஷீட்ட பாத்து வரைஞ்சும் ஆளு மாறுறான்னா டிசைனரு கிட்ட போகலாம். புதுசா ஒரு கேரக்டர் கேக்காதீங்க, "என் கேரக்டருக்கு நாலு பக்கமும் திரும்பற ஷீட், ஆறு மூஞ்சி, அளவு" அப்படின்னு மட்டும் கேளுங்க, அதுக்கு ஆகற காசு கம்மி. பெரிய ஸ்டூடியோவுக்குத்தான் போகணும்னு இல்ல, எழும்பூர்ல 1850ல ஆரம்பிச்ச கவின் கலைக் கல்லூரி இருக்கு, அங்க படிச்ச பசங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்களா கண்டிப்பா இருப்பாங்க. காச பேசி முன்னாடியே எழுதிக்கங்க, கேரக்டர் உரிமை உங்களுக்குத்தான்னும் அதுலயே எழுதிடுங்க.

உங்க ஆள அனிமேஷன் பண்ணணும்னு யாராவது கேட்டாலும் தனியா எறங்காதீங்க. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்த ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் செகண்டுக்கு 12 படம், பத்து செகண்டுக்கு 120 கோவாலு. வாரத்துக்கு நாலு கோவாலுக்கே பாட்டி தம்பிய கண்டுபுடிச்சாங்க. ரெண்டு பேரு மூணு பேரு சேர்ந்து வரையற எடத்துல ஒருத்தரோட வேலையே எல்லா படத்தையும் ஷீட்டோட ஒட்டிப் பாத்து திருத்தறதா இருக்கணும், அந்த ஒருத்தர் நீங்களா இருங்க, வரையறத அவங்ககிட்ட விட்டுடுங்க.

கடைசியா ஒண்ணு, போன மாசம் வரைக்கும் நல்லா வந்துட்டு இப்ப கோடே நிக்க மாட்டேங்குது, கட்டை விரல் மரத்துப்போகுது, ராத்திரில மணிக்கட்டு குத்துதுன்னா இந்த பக்கத்த மூடிட்டு எலும்பு டாக்டர்கிட்ட போங்க. நான் அத ரெண்டு மாசம் பேனா மேல பழி போட்டுட்டு இருந்தேன், நாலு பேனா மாத்தினேன்.